எழுதியதே நிற்கும்!

சமரசம் பேசப் போகிறவருக்கு என்ன வேண்டும்? நல்ல மனம் வேண்டும் என்பர். நாவன்மை வேண்டும் என்பர். பொறுமை வேண்டும் என்பர். மறுக்கவில்லை நாம். ஆனால் மூன்றும் இருந்து, ஒழுங்கு மட்டும் இல்லையேல், முடிவில் வெல்வது நியாயமாக இராது; உரத்த குரலாகத்தான் இருக்கும்!

1978 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டர், எகிப்தின் சதாத்தையும் இஸ்ரேலின் பெகினையும் கேம்ப் டேவிட் ஓய்வு மாளிகைக்கு அழைத்தார். 1948 முதல் நான்கு போர்களில் மோதிய நாடுகள்! முதல் நாட்களில் இருவரையும் எதிரெதிரே அமர்த்தினார். விளைந்தது என்ன? பழைய பகை, பழைய கணக்கு, கடுஞ்சொல்!

வழியை மாற்றினார் கார்ட்டர். இருவரையும் ஒன்றாக அமர்த்திப் பேசுவதை நிறுத்தினார். ஒரே வரைவு. அதை இவரிடம் காட்டுவது, மறுப்பைக் கேட்பது, திருத்துவது. பின் அவரிடம் கொண்டு செல்வது, மீண்டும் திருத்துவது. 13 நாட்களில் 23 வரைவுகள்! எவர் எதை ஏற்றார், எந்தச் சொல்லில் முரண்டினார் என்பதைத் தாளே காட்டிற்று. 1979 மார்ச்சில் எகிப்து–இஸ்ரேல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1982 ஏப்ரலில் இஸ்ரேல் படை சினாயைவிட்டு வெளியேறிற்று.

ஆனால் தோழர்களே, அதே மாளிகையில் இன்னொன்றும் நடந்தது. முடிவுக்கு முந்திய இரவு, மேற்குக் கரையில் புதிய குடியிருப்புகளை நிறுத்துவது பற்றி வாய்ப்பேச்சாகப் பேசினர். பாலஸ்தீனர் சுயாட்சி பற்றிய பேச்சு முடியும்வரை நிறுத்தம் என்று கொண்டார் கார்ட்டர். மூன்று மாதத்துக்குத்தான் சம்மதித்தேன் என்றார் பெகின். இருவரும் ஏற்றுக்கொண்ட தாள் உண்டா? இல்லை! குடியிருப்புகள் பெருகின. அது ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் இழந்தவர் யார்? அந்த மாளிகைக்கு அழைக்கப்படாத பாலஸ்தீன மக்கள்!

மாளிகைக்கு உள்ள பாடம் சங்கக் கொட்டகைக்கும் உண்டு. இரு தொழிலாளர் பூசலைத் தீர்க்க அமரும் தோழரே, பேச்சு தொடங்குமுன் தகராறு எவை எவை என்று எண்ணிட்டு எழுதுங்கள். இருவருக்கும் சம நேரம் கொடுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட்டால் தடுங்கள். தனியே நம்பிச் சொன்னதைத் தனி ஏட்டில் வையுங்கள். அவர் இசைவின்றி மறுபக்கம் கொண்டு போகாதீர்கள். ஒவ்வொன்றும் முடிவானதும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

இரவாகும், அலுப்புத் தட்டும். "அதுதான் பேசியாயிற்றே, நாளை எழுதிக் கொள்வோம்" என்பார்கள். எழுந்துவிடாதீர்கள்! கையெழுத்தான பிறகே கலையுங்கள்.

குமாஸ்தா வேலை இது என்று சிரிப்பாரும் உண்டு. சிரிக்கட்டும்! வலியவன் பேச்சை ஊரே நினைவில் வைத்துக் கொள்ளும். எளியவனுக்கு ஏது சாட்சி? எழுத்து ஒன்றே சாட்சி!