குருவின் பெயர் வள்ளியம்மாள்

'தெருக்குரல்' அறிவைப் பற்றிப் பேச்செடுத்தால் இலக்கிய நண்பர்கள் தவறாமல் கேட்பது இது: "எல்லாம் சரி, அமெரிக்க ராப்பின் நகல்தானே?" இன்னொரு தரப்பு, "இவை நாட்டுப்புறப் பாடல்கள், மக்கள் சொத்து. இதில் தனியொருவருக்கு என்ன உரிமை?" என்கிறது. எதிரெதிர் வாதங்கள்போலத் தோன்றும் இவ்விரண்டும் செய்வது ஒரே காரியத்தைத்தான்: பாடியவரின் பெயரை அழிப்பது.

முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். அரக்கோணத்துக்காரரான அறிவு, 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் வழியாகக் கவனம் பெற்றார். அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லாட்சியை நினைவூட்டும் பெயர். கானாவும் பறையும் ராப்பும் அங்கே அருகருகே நின்றன. 2019இல் ஓஃப்ரோவுடன் 'தெருக்குரல்' தொகுப்பு வந்தது. ராப்பின் வடிவத்தை அவர் எடுத்துக்கொண்டது உண்மை. வயலினும் கடல்கடந்து வந்ததுதான். அதற்காகக் கர்நாடக இசையை ஐரோப்பிய நகல் என்று எவரும் சொல்வதில்லையே?

இரண்டாம் வாதம் இன்னும் நுட்பமானது. 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாயி எஞ்சாமி'யின் ஊற்று, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாள் சொன்ன கதைகள். அத்தகைய மனிதர்களை அரசுகள் எண்களாகவே பார்த்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றுக்கொண்ட கணக்கு 5,25,000 பேர். எண்ணாக எழுதப்பட்ட சனத்துக்கு அந்தப் பாட்டில் ஒரு முகம் கிடைத்தது. அந்த முகத்தைத்தான் 'மக்கள் சொத்து' என்ற பெருந்தன்மையான சொல் மீண்டும் கூட்டத்துக்குள் தள்ளுகிறது.

சபாவில் பாடுபவரின் அறிமுகக் குறிப்பு குருவின் பெயரோடு தொடங்குகிறது. அதைப் பரம்பரை என்கிறோம். உழைத்து ஓய்ந்த பாட்டியிடம் கற்றால் மட்டும் அது 'தாக்கம்', 'நாட்டார் கூறு', 'மூலப்பொருள்' ஆகிவிடுகிறது. மூலப்பொருளுக்கு யாரும் பெயர் கேட்பதில்லை அல்லவா? 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இந்தப் பாடலின் வெற்றியைச் சொல்லி வெளியிட்ட அட்டையில் அதை எழுதிப் பாடிய அறிவு இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பிறகே அவருக்கென இன்னொரு அட்டை வந்தது.

பத்திரிகையைச் சாடிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. இதை எழுதுவது திண்டுக்கல்-நத்தம் சாலையில் உள்ள சாணார்பட்டியிலிருந்து. பேருந்துப் பலகையிலேயே சாதிப் பெயரைச் சுமக்கும் ஊர். துக்க வீடுகளில் எத்தனையோ இரவுகள் ஒப்பாரி கேட்டு நெஞ்சு கனத்திருக்கிறேன். செத்தவரின் வாழ்க்கையை நின்ற இடத்திலேயே பாட்டாகக் கட்டிய பெண்கள் அவர்கள். அவர்களில் ஒருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. "கூலி கொடுத்தாயிற்றா?" என்று கேட்டிருக்கிறேன், "உங்கள் பெயர் என்னம்மா?" என்று கேட்டதில்லை. ஆகவே இந்தக் குற்றப்பத்திரிகையில் முதல் பெயர் என்னுடையது.

2024இல் அறிவு வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. குருவின் பெயரை முன்வைத்துத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் மரபை அவர் பிசகின்றிக் கடைப்பிடித்திருக்கிறார். அவர் இசையில் யாருடைய தாக்கம் என்று ஆராயப் புறப்படும் நண்பர்களே, முதலில் உங்கள் ஊர் ஒப்பாரிக்காரியின் பெயரைக் கேட்டு வாருங்கள். விமர்சனத்தைப் பிறகு பேசலாம்.