இழுத்துப் பேசும் ஊரின் இலக்கணம்

கொங்கு வட்டாரத்து வெள்ளகோவிலில் ஒருவர் ‘செரிங்க’ என்றால் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார். உள்ளூர்க்காரர் அந்தச் சொல்லின் வால் எப்படி முடிந்தது என்று பார்ப்பார். சட்டென்று இறங்கினால் பேச்சு முடிந்தது. மேலேறி நின்றால், ‘மேலே சொல்லுங்க, கேட்கிறேன்’ என்று பொருள். நீண்டு, நடுவில் ஒரு வளைவும் விழுந்தால் கூலி உயர்வு கேட்க வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். எழுதிக் காட்டினால் மூன்றும் ஒரே சொல். வேறுபாடு முழுவதும் சுருதியிலும் கால அளவிலும் இருக்கிறது. நம் மொழி ஆராய்ச்சி அதிகம் கண்டுகொள்ளாத இடமும் அதுவே.

ஒலியை ஆராய்வது நமக்குப் புதிதல்ல. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து எப்படி எழுத்தாகிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று மாத்திரையும் வகுத்திருக்கிறது. கண் இமைக்கும் நேரமும் கைநொடிக்கும் நேரமும்தான் அன்றைக்கு அளவுகோல். அளவுக்கு மேல் ஒலி நீண்டால் அளபெடை. ஆனால் இதெல்லாம் எழுத்தின் நீளம். ஒரு வாக்கியம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதற்கு நம் இலக்கணங்களில் தனி இயல் இல்லை. சுருதி என்றதும் அதைப் பண்ணுக்கும் பாட்டுக்கும் ஒப்படைத்துவிட்டோம்.

கொங்குப் பேச்சு இந்த இடைவெளியை நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது. ‘ஏனுங்’, ‘ஆமாங்’, ‘இல்லீங்’, ‘போலாமுங்’ என்று சொற்கள் ‘ங்’ என்ற மூக்கொலியில் வந்து நிற்கின்றன. கடைசிக் ககரம் பல வாய்களில் காணாமலே போய்விடுகிறது. சொல்லின் இறுதியில் வரத்தக்கவையாகத் தொல்காப்பியம் பதினொரு மெய்களைச் சொல்கிறது. அவற்றில் ங் இல்லை. நன்னூலும் அதே பதினொன்றைத்தான் ஒப்புக்கொள்கிறது. இத்தனைக்கும் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறை அருகே உள்ள சீனாபுரத்துக்காரர் என்பது கொங்கு நாட்டில் நிலைத்த நம்பிக்கை. அது சரியானால், தன்னைச் சுற்றி நாள் முழுக்கக் கேட்ட ஒலிக்கு அவர் நூலில் இடம் கொடுக்கவில்லை. அல்லது பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்த ஒலி இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. எதுவென்று சொல்ல நம்மிடம் ஒலிப்பதிவு ஏது?

இந்த ‘ங்’ ஒலியை வெறும் மரியாதை ஒட்டு என்று தள்ளிவிட முடியாது. க, ட, ப போன்ற வல்லொலிகளில் காற்று அடைபடும். அங்கே குரல் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. உயிரெழுத்தும் மூக்கொலியும் சுருதியைத் தாராளமாகச் சுமக்கும். கொங்குக்காரர் ஒவ்வொரு பேச்சுத் துண்டின் முடிவிலும் ஒரு மூக்கொலியை வைத்திருக்கிறார் என்றால், ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ராகம் போட ஓர் இடம் வைத்திருக்கிறார் என்று பொருள். ‘இழுக்கிறார்கள்’ என்று மற்ற மாவட்டத்தார் கேலி செய்வது இந்த இடத்தைத்தான். இது என் ஊகம். ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம்.

சோதிக்கும் கருவிகள் எப்போதோ வந்துவிட்டன. ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1934இல் தமிழ் உச்சரிப்பு பற்றி ஒரு சுருக்கமான நூல் எழுதினார். தனித்தனி எழுத்துகளைத் தாண்டி ஒலிகள் சேர்ந்து ஓடும் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும் என்ற கொள்கையைப் பின்னாளில் வளர்த்தவரும் அவரே. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பர்ட், அபிகெயில் கான் ஆகியோருடன் சேர்ந்து ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ. படங்களின் துணையோடு ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார். ழகரத்துக்கு நாக்கு எப்படி வளைகிறது என்று நாம் மேடைதோறும் வகுப்பெடுக்கிறோமே, அதை உண்மையிலேயே படம் பிடித்துப் பார்த்தவர்கள் அவர்கள். எலினார் கீன் என்ற ஆய்வாளர் தமிழின் தாளத்தை அளந்தார். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் தாளத்திலேயே வேறுபடுகின்றன என்று 2006இல் அவர் காட்டினார். 2014இல் தமிழின் வாக்கியச் சுருதி பற்றியும் எழுதினார். இந்த ஆய்வுகள் எல்லாம் அருமையானவை. ஆனால் எதுவும் கொங்குப் பேச்சைத் தேடிப் போனதல்ல. கொங்குச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் அகராதி தந்திருக்கிறார். சொல்லை அகராதியில் பிடித்துவிடலாம். அது வரும் ராகத்தை எந்தப் பக்கத்தில் அச்சிடுவது?

வெள்ளகோவிலைக் குறிப்பாகச் சொல்ல இன்னொரு காரணம் தறி. நாடா அடித்து ஓடும் பழைய விசைத்தறிகள் நிறைந்த ஊர் இது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் வரம்பு. நாடாத் தறிக் கொட்டகைகள் அதைச் சாதாரணமாகத் தாண்டும். வீட்டை ஒட்டி நாலு தறி, ஆறு தறி ஓடும் கொட்டகையில் டெசிபலை யார் அளக்கப் போகிறார்கள்? சத்தத்துக்கு நடுவில் பேசும் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான் என்று எத்தியேன் லோம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911இல் கவனப்படுத்தினார். சுருதியை ஏற்றுகிறான், உயிரொலிகளை நீட்டுகிறான் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. தறிக்காரர்கள் வீட்டுக்கு வந்தும் உரக்கப் பேசுவதை ‘பட்டிக்காட்டுத்தனம்’ என்று சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

செவித்திறன் போவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நாள்பட்ட இரைச்சல் முதலில் சுமார் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கேள்வியைக் கெடுக்கும். சகரம், ஸகரம் போன்ற உரசொலிகளின் கூர்மை அந்த உயரத்தில்தான் இருக்கிறது. பேசுவோரின் அடிப்படைச் சுருதியோ வெகு கீழே: ஆண்களுக்குச் சுமார் 120 ஹெர்ட்ஸ், பெண்களுக்குச் சுமார் 200. அதாவது, இருபது முப்பது வருடம் தறி ஓட்டியவருக்குச் சொல்லின் கூர்மை மங்கிய பிறகும் அதன் ராகம் கேட்டுக்கொண்டிருக்கும். ‘என்ன சொன்னார் என்று தெரியவில்லை, கோபமாகச் சொன்னார்’ என்று அவர் சரியாகவே சொல்வார். இப்படிப்பட்ட காதுகளும் வாய்களும் நிறைந்த ஊரில் பேச்சின் சுருதியை ஆராயாமல் வேறெங்கே ஆராய்வது?

இதற்கு இப்போது அவசரமும் வந்திருக்கிறது. ஒன்றிய அரசின் பாஷினி திட்டம் 2022இல் தொடங்கியது. பேசினால் புரிந்துகொள்ளும் இயந்திரங்களை இந்திய மொழிகளில் கொண்டுவருவது அதன் நோக்கம். அரசுச் சேவைகளும் வங்கிகளும் குரல் வழிக்கு நகர்கின்றன. இயந்திரம் எந்தத் தமிழைக் கேட்டு வளர்ந்ததோ அந்தத் தமிழ்தான் அதற்குப் புரியும். மோசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ போன்ற திரட்டுகளில் பெரும்பாலும் திரையில் தெரியும் வாக்கியத்தை வாசிக்க வேண்டும். எழுதியதைக் கையில் கொடுத்தால் வெள்ளகோவில்காரரும் பள்ளிக்கூடத் தமிழுக்குத் தாவிவிடுவார். ‘ங்’ ஓடி ஒளிந்துகொள்ளும். இது பழைய நோய். கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணக்கெடுப்பை ஒட்டி 1913 முதல் 1929 வரை கிராமஃபோன் தட்டுகளில் பேச்சைப் பதிந்தபோதும் பைபிளின் கெட்ட குமாரன் கதையைத்தான் பெரும்பாலும் மொழிக்கு மொழி சொல்ல வைத்தார்கள்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கூகுளும் நடத்தும் ‘வாணி’ திட்டம் இதைவிட மேல். 773 மாவட்டங்களிலிருந்து 1,50,000 மணி நேரத்துக்கு மேல் பேச்சைத் திரட்டுவது அதன் இலக்கு. வாசிக்கச் சொல்லாமல், படத்தைக் காட்டிப் பேசச் சொல்கிறார்கள். பாராட்டலாம். ஆனால் கைப்பேசியைப் பார்த்துப் பேசுகிறவருக்கு எதிரே ஆள் இல்லை. ‘ங்க’ போடுவதற்கு ஒரு மாமனோ மச்சானோ முதலாளியோ வேண்டும். பேரனிடம் ‘ஏங்கண்ணு’ என்றும் சம்பந்தியிடம் ‘ஏனுங்க’ என்றும் குரல் மாறுவது எதிரில் இருப்பவரைப் பார்த்துத்தான். படத்தில் இருக்கும் மாட்டிடம் எந்த மரியாதையில் பேசுவது?

சினிமா ஒருவகையில் இதைக் கவனித்தது. ‘சதிலீலாவதி’யில் (1995) கமல்ஹாசனும் கோவை சரளாவும் பேசிய கொங்குத் தமிழை ஊரே ரசித்தது. அதே சினிமாதான் இந்த ராகத்தைக் கேட்டாலே சிரிப்பு வர வேண்டும் என்று தமிழ்நாட்டைப் பழக்கியதும். நேர்முகத் தேர்வுக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் முதலில் கழற்றி வைப்பது இதைத்தான்.

செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமும் இல்லை. சுருதியையும் நீளத்தையும் அளக்கும் ‘பிராட்’ என்ற மென்பொருளை ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தருகிறார்கள். சாதாரண மடிக்கணினியில் ஓடும். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை இருக்கிறது. அதன் மாணவர்கள் வெள்ளகோவில், முத்தூர், மூலனூர், காங்கேயம் வட்டாரத்தில் இரண்டிரண்டு பேராகப் பேசவிட்டுப் பதியலாம்: சந்தையில் விலை பேசும்போது, பாவு ஏற்றும்போது, தறி ஓடும்போது ஒரு முறை, நிறுத்திய பிறகு ஒரு முறை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தறியிலும் மில்லிலும் வேலை செய்கிறவர்கள் கற்றுக்கொண்டிருக்கும் தமிழையும் சேர்க்க வேண்டும். பலருக்கு முதலில் வந்தது ‘ங்க’தான்.

ஒரு நிபந்தனையை விடக் கூடாது. குரலைப் போலி செய்யும் காலம் இது. பதிவு யாரிடம் இருக்கும், எதற்குப் பயன்படும் என்பதைப் பேசுகிறவரின் மொழியிலேயே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் பேசியவருக்கு ஒரு மணி நேரத் தறிக்கூலியாவது தர வேண்டும். நாடாத் தறிகள் ஒவ்வொன்றாக எடைக்குப் போகின்றன. அவற்றில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு வயதாகிறது. எனவே அறுபதைத் தாண்டிய தறிக்காரர்களிடம் முதலில் போவது நல்லது. மாணவர்கள் கேள்வியைக் கொஞ்சம் உரக்கக் கேட்க வேண்டியிருக்கும்.