ஆஸ்காருக்கும் ஒரு மெஸ் மெனு போடுங்க

வாரத்தில் மூணு நாள் உப்புமா போட்டால் மெஸ் கமிட்டியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறோம். அதே நாம் வீட்டிலோ ரூமிலோ ஒரு மீன் தொட்டி வைத்தால், அதில் இருக்கும் குஞ்சுக்கு மாதம் முப்பது நாளும் ஒரே தீனிதான். கேட்டால், "மீனுக்கு என்னடா டேஸ்ட் தெரியப் போகுது?" என்று பதில் வரும். டேஸ்ட்டை விடுங்க. அதோட முதுகெலும்பைப் பத்தித்தான் இங்கே பேச்சு.

நம்மில் பல பேர் ஆசைப்பட்டு வாங்குவது கறி தின்னும் மீன்களைத்தான். ஆஸ்கார், பிளவர்ஹார்ன், கொஞ்சம் காசு இருந்தால் அரோவானா. ஆஸ்காரையே எடுத்துக்குங்க. கொளத்தூர் போனால் இரண்டு இன்ச் குஞ்சாகக் கிடைக்கும். அதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. ஒழுங்காக வளர்த்தால் ஓர் அடி வரை வரும். பத்து வருடத்துக்கு மேலேயும் உயிரோடு இருக்கும். நீங்க டிகிரி முடித்து, வேலைக்குப் போய், இரண்டு கம்பெனி மாறின பிறகும் அது இருக்க வேண்டிய மீன். ஆனால் அதன் உடம்பின் பெரும்பகுதி வளர்வது முதல் ஒரு வருடத்துக்குள். அந்த ஒரு வருடம் நீங்க என்ன போடுறீங்களோ, அதுதான் மீதி காலம் அது சுமக்கப் போகும் உடம்பு.

அதனால் நேராகவே சொல்கிறேன். குஞ்சாக இருக்கும்போதே நாலு விதமான தீனிக்குப் பழக்க நேரமும் பொறுமையும் இல்லாதவர்கள், கறி தின்னும் மீனை வாங்க வேண்டாம்.

"கறி தின்னும் மீன்தானே, கறி போட்டா போதாதா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஆற்றில் ஆஸ்கார் தின்பது பூச்சி, இறால், நத்தை, சின்ன மீன், சில நேரம் தண்ணீரில் விழும் பழம், செடிப் பொருள். அதிலும் இரையை ஓடு, எலும்பு, குடல், அந்தக் குடலில் இருப்பது எல்லாம் சேர்த்து முழுசாகத் தின்கிறது. நாம் போடும் சிக்கன் துண்டில் இது எதுவும் கிடையாது. போதாததற்கு, கோழி, மாட்டிறைச்சியில் இருக்கும் கொழுப்பு மீனின் உடம்புக்கு ஒத்து வராது. தொடர்ந்து போட்டால் ஈரலில் கொழுப்பு சேரும்.

கெமிஸ்ட்ரியில் லீபிக் என்ற பெயரைக் கேட்டிருப்பீங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர். பயிரின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது அதிகமாகக் கிடைக்கும் சத்து இல்லை, எது மிகக் குறைவாகக் கிடைக்கிறதோ அதுதான் என்ற விதியைப் பிரபலமாக்கியவர். இதை விளக்க ஒரு மரப் பீப்பாய் படம் போடுவார்கள். பலகைகள் வேறு வேறு உயரம். தண்ணீர் நிற்பது எல்லாவற்றிலும் குட்டையான பலகை வரைதான். டப்பாவில் "புரதம் 45%" என்று போட்டிருப்பதைப் பார்த்து மீன் தீனி வாங்கும்போது, நாம் ஒரே ஒரு பலகையின் உயரத்தைத்தான் பார்க்கிறோம்.

மற்ற பலகைகள் எங்கே குட்டையாகும்? இரண்டு உதாரணம் போதும்.

ஒன்று, வைட்டமின் சி. நம்மைப் போலவே பெரும்பாலான மீன்களாலும் இதை உடம்பில் தயாரித்துக்கொள்ள முடியாது. தீனியில் இருந்துதான் வர வேண்டும். வளரும் குஞ்சுக்கு இது குறைந்தால் முதுகெலும்பு வளையும், செவுள் மூடி கோணலாகும். வளைந்தது வளைந்ததுதான். பிறகு எதைப் போட்டாலும் நிமிராது.

இன்னொன்று, வைட்டமின் பி1, அதாவது தியாமின். கோல்டு ஃபிஷ் சேர்ந்த கெண்டை இன மீன்களின் உடம்பில் தியாமினேஸ் என்ற என்சைம் இருக்கிறது. அது பி1-ஐச் சிதைத்துவிடும். ஆஸ்காருக்குத் தினமும் கோல்டு ஃபிஷ் மட்டும் போட்டால், வயிறு நிறைய நிறைய பி1 குறைந்துகொண்டே போகும். ஃப்ரீசரில் வைப்பதால் அந்த என்சைம் அழியாது.

உயிர் மீன் போடுவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஆஸ்கார் பாய்ந்து கப்பியைக் கவ்வுவதை ரீல்ஸ் போட்டால் லைக் குவியும், அது தெரியும். "இயற்கையில அப்படித்தானே சாப்பிடுது?" என்றும் சொல்வீங்க. இயற்கையில் அது இன்றைக்குச் சிக்கியதை இன்றைக்குச் சாப்பிடும், நாளைக்கு வேறு ஏதாவது சிக்கும். நாம் வாங்கி வரும் இரை மீன், நெருக்கமான தொட்டியில் அரைப்பட்டினி கிடந்து, ஒட்டுண்ணியையும் நோயையும் சேர்த்து வருகிற மீன். அதன் வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது நம் மீனுக்கு என்ன சத்து போகும்? பதினைந்து விநாடி வீடியோவுக்காக ஒரு தொட்டி முழுக்க நோயைக் கொண்டுவருவது நஷ்டக் கணக்கு.

"நல்ல பெல்லட் வாங்கினா அதுலயே எல்லாம் இருக்கே?" இது நியாயமான கேள்வி. நல்ல பெல்லட்தான் அடிப்படையாக இருக்க வேண்டும், பாதிக்கு மேல் அதுவே இருக்கலாம். ஆனால் டப்பாவைத் திறந்த நாளில் இருந்து காற்றும் சூடும் ஈரமும் உள்ளே போகிறது. முதலில் கெடுவதில் ஒன்று அதே வைட்டமின் சி. விலை மலிவு என்று ஒரு கிலோ வாங்கி ஒரு வருடம் ஓட்டினால், கடைசி ஆறு மாதம் லேபிளில் இருப்பது டப்பாவில் இருக்காது. சின்ன டப்பா வாங்கி, இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்க.

இதோடு சேர்க்க வேண்டியவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ஓடு நீக்கி, மீனின் வாய்க்குள் போகும் அளவுக்குப் பொடியாக நறுக்கிய இறால். மருந்து தெளிக்காத மண்ணில் எடுத்து, நன்றாக அலசிய மண்புழு. கடையில் உறைய வைத்து விற்கும் பிளட் வார்ம். இது உண்மையில் புழு இல்லை, ஒரு வகைப் பூச்சியின் இளம்பருவம். குஞ்சுகள் பாய்ந்து சாப்பிடும், ஆனால் பெரும்பகுதி தண்ணீர்தான், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். சாக்கடை ஓரம் சேகரிக்கும் டியூபிஃபெக்ஸைத் தவிர்ப்பது நல்லது. கொசுப்புழு அருமையான தீனி என்று மாடியில் வாளி வைத்து வளர்க்காதீங்க. மீனுக்குச் சத்து போகும் முன்பே தெருவுக்கு டெங்கு போய்விடும்.

இரண்டு இன்ச் குஞ்சுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. காலையில் பெல்லட். மாலையில் ஒரு நாள் இறால், ஒரு நாள் மண்புழு, ஒரு நாள் பிளட் வார்ம் என்று மாற்றி மாற்றி. மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்க. புரதம் அழுகினால் அம்மோனியா. சத்தான சாப்பாடு போட்டு, அந்தத் தண்ணீரிலேயே மூச்சு முட்ட வைப்பதில் அர்த்தம் இல்லை.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: கால் கிலோ இறாலைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் போட்டால், ஒரு குஞ்சுக்கு வாரக்கணக்கில் வரும். ஹாஸ்டலில் ஃப்ரீசர் இல்லை என்றால் பெல்லட்டும் மண்புழுவும் வைத்துச் சமாளிக்கலாம்.

இதையெல்லாம் ஏன் குஞ்சிலேயே ஆரம்பிக்கச் சொல்கிறேன் என்றால், ஒரே தீனியில் வளர்ந்த பெரிய ஆஸ்கார் அடம்பிடிக்கும். புதுசாகப் போட்டதை வாயில் வாங்கித் துப்பும். செமஸ்டர் லீவுக்கு நீங்க ஊருக்குப் போகும்போது, பக்கத்து வீட்டு அக்கா பெல்லட் போட்டால் தொடாது. குஞ்சுக்கு அந்த அடம் கிடையாது. பசியோடு இருக்கும்போது முதலில் புதுத் தீனியைக் காட்டுங்க. துப்பினால் எடுத்துவிட்டு அடுத்த வேளை மறுபடி காட்டுங்க. சில நாளில் பழகிவிடும்.

ஏற்கெனவே தொட்டியில் குஞ்சு வைத்திருப்பவர்கள் இந்த வாரமே பெல்லட்டோடு இன்னொரு தீனியைச் சேருங்க. வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் ஒரு பேப்பரில் ஏழு நாள் மெனு எழுதிப் பாருங்க. அந்தப் பேப்பரை நிரப்ப முடிந்தால் கடைக்குப் போகலாம்.