சாரி சொல்ல வைத்தால் சமாதானம் ஆகிவிடுமா?

"சின்னப் பிள்ளைங்க சண்டை, இன்னைக்குக் காய் விட்டா நாளைக்குப் பழம்." வாஷியிலிருந்து தாராவி வரை தமிழ்ப் பெற்றோர் வாயில் இது சர்வசாதாரணம். பல ஆசிரியர்களோ இருவர் முதுகிலும் ஒன்று வைத்து, சாரி சொல்ல வைத்து, விவகாரத்தை முடிக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதைத் தடை செய்த பிறகும் இப்படித்தான்.

பிள்ளைகளின் சண்டை இப்படியே சரியாகிவிடும் என்ற நம்பிக்கை தவறு. சமாதானம் செய்யும் திறன் வயது ஏறினால் தானாக வருவதில்லை. பழக்கினால்தான் வரும்.

மும்பைக்காரர்கள் இதைச் சாவுகளுக்குப் பிறகு கற்றார்கள். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த மதக் கலவரங்களில் இந்த நகரில் சுமார் 900 பேர் மாண்டார்கள். தாராவியும் தப்பவில்லை. ஆனால் 1970இலும் 1984இலும் கலவரத்தில் சிதைந்த பக்கத்து ஊரான பிவண்டி அந்த முறை அமைதி காத்தது. காவல் அதிகாரி சுரேஷ் கோபடே 1988 முதல் அங்கே மொஹல்லா கமிட்டிகளை உருவாக்கியிருந்தார். ஊர் அமைதியாக இருந்த நாட்களிலேயே இரு மதத்தாரும் கூடி உட்கார்ந்து, தெருவின் சில்லறைத் தகராறுகளைப் பேசித் தீர்த்துப் பழகியிருந்தார்கள். பெரிய ஆபத்து வந்தபோது கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான்.

பின்னர் தாராவியில் வக்கார் கான், பாவ் கோர்டே என்ற இருவர் இந்தச் சமாதான வேலையைத் தோளில் சுமந்தார்கள். கான் போட்ட சுவரொட்டியில் இருந்தவர்கள் நான்கு மதத்தாரின் உடையணிந்த நான்கு குழந்தைகள். பெரியவர்களுக்குப் புத்தி சொல்லக் குழந்தைகளின் முகம் தேவைப்பட்டது. அந்தக் குழந்தைகளுக்கே சமாதானம் செய்யக் கற்றுத்தர மட்டும் பள்ளியில் நேரம் கிடையாதாம்!

கற்றுத்தர முடியும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்து டேவிட், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் தொடக்கப்பள்ளிகளிலேயே செய்து காட்டினார்கள். எனக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்வது. எதிராளி சொன்னதை அவன் இடத்தில் நின்று திருப்பிச் சொல்வது. 3 வழிகளாவது யோசித்து இருவருக்கும் பொருந்துவதைத் தேர்வது. இவற்றில் இரண்டாவதுதான் கடினம். கோபத்தில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளை, எதிரியின் நியாயத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். பெரியவர்களில் எத்தனை பேருக்கு அது வரும்?

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். சாதியைச் சொல்லி ஒரு பிள்ளையைத் துரத்துவது இரு தரப்புத் தகராறு அல்ல, கொடுமை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. இப்படிப்பட்ட பகையில் இருவரையும் கைகுலுக்கச் சொல்வது அடித்தவனுக்குத் துணை போவது. எது தகராறு, எது கொடுமை என்று பிரித்தறிந்து, கொடுமை என்றால் உடனே தலையிட ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும்.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்பார்கள் ஆசிரியர்கள். பென்சிலுக்கும் பெஞ்சுக்கும் நடக்கும் பஞ்சாயத்தில் தினமும் கரையும் நேரத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. செம்பூர், மாட்டுங்கா, வாஷிப் பெற்றோர் அடுத்த கூட்டத்தில் மார்க்கைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்கட்டும்: ஒன்றாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு பீரியட் இதற்கு ஒதுக்குவீர்களா?