தன்னைத் தானே நகைத்தல்

தற்கால மேனாட்டுத் தொலைக்காட்சி நகைச்சுவை நாடகங்களிலே ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. நாடகம் தன்னையே பேசுபொருளாக்கி, 'நான் வெறும் நாடகமே' என்று கண்சிமிட்டிச் சிரிக்கின்றது. இதனை அறிவின் முதிர்ச்சி என்பாருளர். கற்பனை வறட்சி என்பாருமுளர். அந்நகைப்பு எதற்குத் துணைபோகின்றது என்பதை இரு சாராரும் வினவுவதில்லை.

உத்தி புதியதன்று. கி. மு. 423இல் ஏதென்சு நகரப் போட்டியிலே தோல்வியுற்ற 'மேகங்கள்' நாடகத்தைப் பின்னர் திருத்தியெழுதிய அரிஸ்டோபனீஸ், அத்தோல்வியின் பொருட்டுச் சபையோரையே கடிந்துகொள்ளும் பகுதியொன்றை அதிற் சேர்த்தார். தொலைக்காட்சியின் இளமைக் காலத்தில், 1950 முதல் 1958 வரை ஒளிபரப்பான தமது தொடரிலே, அமெரிக்க நடிகர் ஜோர்ஜ் பேர்ன்ஸ் கதையினின்றும் விலகிநின்று பார்வையாளரோடு உரையாடினார். பிற்காலத்தில், தமது அறைத் தொலைக்காட்சிப் பெட்டியில் அதே நாடகத்தைப் பார்த்து, ஏனைய பாத்திரங்களின் சூழ்ச்சிகளையும் அறிந்துகொண்டார். 'சைன்பெல்ட்' தொடரிலோ, 1992இல், நண்பர் இருவர் எதைப் பற்றியதுமல்லாத நாடகமொன்றை என்.பி.சி. நிறுவனத்திடம் விற்க முயல்கின்றனர். அத்தொடரை ஒளிபரப்பியதும் அந்நிறுவனமே. கலைஞனின் வீம்பும் வணிகரின் எச்சரிக்கையும் அங்கே ஒருங்கே நகைப்புக்குள்ளாயின.

எனினும், இவ்வுத்திக்கு மற்றொரு முகமுண்டு. '30 ரொக்' தொடரின் 2007ஆம் ஆண்டுப் பகுதியொன்றிலே, பாத்திரங்கள் வெரைசன் தொலைபேசிச் சேவையை வாயாரப் புகழ்கின்றன. உடனே கதாநாயகி கமராவை நோக்கி, 'இனிப் பணத்தைத் தரலாமா?' என்ற பொருள்படக் கேட்கின்றாள். நாம் சிரிக்கின்றோம். ஆயினும் விளம்பரம் தன் காரியத்தை முடித்துக்கொண்டது. விமர்சகன் சொல்லவேண்டிய கண்டனத்தை நாடகமே முந்திக்கொண்டு சொல்லிவிடுகின்றது. குறையை ஒத்துக்கொள்ளுதல் வேறு, அதனைக் களைதல் வேறு. முன்னையது பின்னையதற்கு ஈடாக ஏற்கப்படுமாயின், எக்குறையும் ஒரு சிரிப்போடு மன்னிக்கப்பட்டுவிடும். அச்சிரிப்பிலே நாமும் பங்காளிகளாகின்றோம்.

இதற்கு மாறான சான்று பி.பி.சி.யின் 'பிளீபாக்'. பீபி வோலர் பிரிட்ஜ் எழுதி நடித்த இத்தொடர் 2016இலும் 2019இலும் வெளியாயிற்று. அதன் நாயகி தன் துயரத்தினின்றும் தப்புவதற்காகவே அடிக்கடி நம் பக்கம் திரும்பி வேடிக்கை பேசுகின்றாள். இரண்டாம் பாகத்திலே பாதிரியார் ஒருவர் இதனைக் கவனித்து, 'எங்கே போனாய்?' என வினவுகின்றார். பார்வையாளரோடு பேசுதல் வெறும் உத்தியன்று, வாழ்விலிருந்து ஒளிந்துகொள்ளும் மறைவிடம் என்பது அக்கணத்திற் புலனாகின்றது. இறுதியில் அவள் நம்மைப் பின்தொடர வேண்டாமெனத் தலையசைத்துவிட்டு, தன் வழியே நடந்து செல்கின்றாள்.

தன்னைத் தானே நகைக்கும் கலை, அந்நகைப்பினால் எதையேனும் இழக்கத் துணிகின்றதா என்பதே நாம் கொள்ளத்தக்க அளவுகோல். பேர்ன்சின் விளையாட்டு யாரையும் ஏமாற்றவில்லை. 'பிளீபாக்' தன் கேடயத்தையே கீழே வைத்தது. இழப்பேதுமின்றிச் சிரித்து நம் வாயை அடைக்கும் நகைச்சுவையையோ, சிரித்த பின்னரும் கேள்வி கேட்டே பார்த்தல் வேண்டும்.