கணிக்கும் கருவியும் சிந்திக்கும் அறிவும்

சவ்வாது மலைக் காடுகளுக்கிடையே, காவலூரில் அமைந்துள்ளது வைணு பாப்பு வானாய்வகம். அங்கிருந்து 1988 பிப்ரவரி 17 அன்று வானியலறிஞர் ஆர். இராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். கணித மேதை இராமானுசனின் பெயரும் 4130 என்னும் எண்ணும் அதற்குச் சூட்டப்பெற்றன. தொலைநோக்கி காட்டுவது ஓர் ஒளிப்புள்ளியை மட்டுமே. அது செல்லும் பாதையைக் காட்டுவது கணிதம்.

1801ஆம் ஆண்டு சீரிசு என்னும் வான்பொருள் பார்வைக்கு மறைந்தபோது, செருமானியக் கணித அறிஞர் காஸ் அதன் பாதையைக் கையாலேயே கணித்தார். அவர் சுட்டிய இடத்தையொட்டி அது மீண்டும் காணப்பட்டது. இன்று அத்தகைய பணியைக் கணித மென்பொருள்கள் நொடிப்பொழுதில் முடிக்கின்றன. மேட்லேப், மேத்தமேட்டிகா, சேஜ்மேத், சைலேப் முதலியவை பல்கலைக்கழக வகுப்பறைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் இடம்பெற்றுவிட்டன.

‘கருவி கணக்கிட்டால் மாணவரின் மூளை மழுங்கும்’ என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தைப் புறந்தள்ள இயலாது. ஆயினும், கருவியை விலக்குவது அதற்குத் தீர்வன்று. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? 39,72,99,90,29,388 வகையாக! இவ்விடையை மக்மேகன் என்னும் அறிஞர் அரிதின் முயன்று கையால் கணக்கிட்டார். இராமானுசனும் ஹார்டியும் 1918இல் வெளியிட்ட வாய்பாட்டின் நுட்பத்தைச் சோதிக்க அது உதவியது. மக்மேகனின் உழைப்பை இன்று மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். அவ்வாய்பாட்டைத் தேடத் தூண்டிய சிந்தனையோ மனிதருக்கே உரியது. எனவே, சிறிய கணக்கைக் கையால் செய்து கருத்தை உணர்ந்த பின்னரே பெரிய கணக்கைக் கருவியிடம் ஒப்படைக்க வேண்டும்.

கருவி தரும் விடையை ஆராயாமல் ஏற்பதும் தவறு. 1994ஆம் ஆண்டு பென்டியம் சில்லு சில வகுத்தல்களில் பிழை செய்வது வெளிப்பட்டது. அதனைக் கண்டறிந்தவர், இரட்டைப் பகா எண்களை ஆராய்ந்த கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி. கிடைத்த விடையை ஐயுற்றுச் சரிபார்த்ததே அவர்தம் வெற்றிக்குக் காரணம்.

சரிபார்ப்பதற்குக் கருவியின் உட்செயல் தெரிதல் வேண்டும். சேஜ்மேத், சைலேப் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் நிரல் எவரும் படித்துப் பார்க்கத் திறந்தே இருக்கிறது. உரிமக் கட்டணமும் இல்லை. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இத்தகைய மென்பொருள்களைப் பரப்பி வருவதோடு, அவற்றைக் கற்பதற்கான பயிற்சிகளைத் தமிழிலும் வழங்குகிறது. விலையுயர்ந்த உரிமத்தை வாங்க வசதியுள்ள நிறுவனத்தில் மட்டுமே ஆய்வு நிகழுமாயின், மலையூர் மாணவரின் அறிவு வாயிலிலேயே நின்றுவிடும். ஆதலால், பல்கலைக்கழகங்கள் கட்டற்ற மென்பொருள்களுக்கே முதலிடம் அளித்தல் தகும்.

பள்ளிக் கணிதப் பாடநூலின் இணையச் செயல்பாட்டில் இடம்பெறும் ஜியோஜீப்ரா இப்பயணத்தின் முதற்படி. அதில் வளைவரை தோன்றியதும் மகிழ்ந்து நின்றுவிடாமல், ‘அது ஏன் அவ்வாறு வளைகிறது?’ என வினவும் மாணவரே நாளைய ஆய்வாளர். விடை தருவது கருவியின் வேலை. வினா எழுப்புவது மாணவரின் கடமை.