பிகேபி பொற்காலமாம்! யாருக்குன்னு கேட்கிறேன்

நீளமான பதிவு. பொறுமையா முழுசும் படிச்சிட்டு, அப்புறம் திட்டணும்னா திட்டுங்க.

வருசா வருசம் மார்ச் 18 வந்தா போதும். நம்ம ஆளுங்க வாட்சாப்லயும் முகநூல்லயும் ஒரே செய்தியைச் சுத்தி விடுவாங்க. "பிகேபி காலம் நம்ம பொற்காலம். குடும்பம் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்ட காலம். வீட்டிலேயே பூஜை, பிள்ளைகளோட கேரம். மறுபடியும் அந்த நாள் வருமா?" கீழே வரிசையா கைகூப்பு. போட்டவங்க பேரை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தேன். எல்லாரும் ஆம்பளைங்க.

இந்த வருசம் அது வாட்சாப்போட நிக்கல. நம்ம கோயில் திருவிழா மலர்ல இதையே ஒரு பக்கம் போடணும், அந்தக் காலத்துல சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய் கொடுத்த அஞ்சு பேருக்கு மேடையில பொன்னாடை போத்தணும்னு கூட்டத்துல பேச்சு வந்துச்சு. அஞ்சு பேரும் ஆம்பளை. அதுல என் பேரும் இருக்கு. எனக்கு வேணாம்னு அங்கேயே சொல்லிட்டேன். "ஏன் சார், பெருந்தன்மையா?"ன்னு ஒரு தம்பி கேட்டாரு. பெருந்தன்மை ஒண்ணும் இல்ல தம்பி. கணக்கு தப்பா இருக்கு. அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு. நான் பிகேபி போட்டதே தப்புன்னு சொல்றவன் இல்ல. 2021 ஜூலைல கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில படுக்கை இல்லாம நோயாளிகளை வெளியில வச்சிருந்த படத்தை எல்லாரும் பார்த்தோம். அந்த மாசம் 25-ஆம் தேதி ஒரே நாள்ல 17,045 பேருக்குத் தொற்று. நாட்டுல மொத்த எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டினதும் அன்னிக்குத்தான். கதவைச் சாத்தாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்கும் தெரியும். நான் கேட்கிறது, கதவைச் சாத்தின பிறகு உள்ளே யார் வேலை செஞ்சாங்கங்கிறதை மட்டும்தான்.

நான் ஃபேக்டரி சூப்பர்வைசர். படிப்பு எஸ்பிஎம் வரைக்கும்தான். ஆனா ஆள் கணக்கு, மணிக் கணக்கு, ஓவர்டைம் கணக்கு எழுதியே பாதி வயசு போயிடுச்சு. அதே மாதிரி ஒரு வீட்டுக்குக் கணக்கு போடுவோம்.

புருஷன், பொண்டாட்டி, மாமியார், மூணு பிள்ளைங்க. ஆறு பேர். சாதாரண நாள்ல புருஷன் பசியாறுறதும் மத்தியானம் சாப்பிடுறதும் வேலையிடத்து கேண்டீன்ல. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூட கேண்டீன். பிகேபி வந்ததும் எல்லாரும் வீட்டுல. காலைல பசியாறல், பத்து மணிக்குத் தேத்தண்ணி, மத்தியானச் சோறு, சாயங்காலம் தேத்தண்ணியோட பலகாரம், ராத்திரிச் சாப்பாடு. அஞ்சு வேளை, ஆறு பேர், ஒரு நாளைக்கு 30 தட்டு. 2020 மார்ச் 18-லேர்ந்து மே 3 வரைக்கும், அதாவது மே 4-ல கொஞ்சம் தளர்த்துற வரைக்கும், 47 நாள். 1,410 தட்டு! சமைச்சது ஒருத்தி. கழுவினதும் ஒருத்தி. இதுல துணி இல்ல, வீடு கூட்டுறது இல்ல, மாமியாருக்கு மருந்து இல்ல, வெளிய போய்ட்டு வந்தவன் தொட்ட கதவு, பை, நாற்காலி எல்லாத்தையும் சோப்புத் தண்ணில துடைச்சது இல்ல.

வேலைச் சட்டப்படி சாதாரண நாள் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு. ஓய்வு நாள்ல ரெண்டு மடங்கு. பொது விடுமுறையில மூணு மடங்கு. மே 1 தொழிலாளர் தினம் அந்த 47 நாளுக்குள்ளதான் வந்துச்சு. அன்னிக்கு அந்த அம்மா அடுப்படியில நின்னாங்களா இல்லையா? மூணு மடங்கு யாரு கொடுத்தா?

"அண்ணே, நாங்க வீட்டுல சும்மாவா இருந்தோம்? ஜாமான் வாங்க நாங்கதானே போனோம்"னு சொல்றவங்க இருக்கீங்க. ஆமா, போனீங்க. குடும்பத் தலைவர் ஒருத்தர்தான் கடைக்குப் போகணும்னு சொன்னாங்க. ஏப்ரல் 1 ரெண்டாம் கட்டத்துலேர்ந்து 10 கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னும் வந்துச்சு. நம்ம கேரித் தீவுல பெரிய கடைன்னா பாலம் தாண்டி தெலுக் போகணும். செம்பனைக்குள்ள கடலோரமா இருக்கிற வீட்டுக்கு அந்த 10 கிலோமீட்டர் பாலத்துக்கே சரியாப் போயிடும். ரோட்பிளாக்ல நின்னு பதில் சொல்லணும். கஷ்டம்தான், இல்லைங்கல. ஆனா கடைக்குள்ள போனதும் நடந்தது என்ன? காய்கறித் தட்டு முன்னாடி நின்னு வீட்டுக்கு வீடியோ கால். "இது புடலங்காயா பீர்க்கங்காயாம்மா?" நாடு முழுக்க சிரிச்ச படம் அது. அரசாங்கம் எழுதின குடும்பத் தலைவர் யாரு, வீட்டுல என்ன இருக்கு என்ன இல்லைன்னு தெரிஞ்ச தலைவர் யாருன்னு அந்தக் கடையிலேயே தெரிஞ்சு போச்சு.

காசும் அப்படித்தான். மார்ச் 27-ல அறிவிச்ச பந்துவான் பிரிஹாத்தின், 4,000 ரிங்கிட்டுக்குக் கீழே வருமானம் உள்ள குடும்பத்துக்கு 1,600 ரிங்கிட். ஏப்ரல்ல 1,000, மே மாசம் 600. நல்ல உதவி, பல வீட்டுல அடுப்பு எரிஞ்சது அதுலதான். ஆனா காசு போனது குடும்பத் தலைவர் கணக்குக்கு. பொறுப்பான தலைவர் வீட்டுக்கு அரிசி வந்துச்சு. பொறுப்பில்லாதவன் வீட்டுல என்ன வந்துச்சுன்னு நம்ம லயத்துல குடியிருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேணாம்.

இதுக்கு நடுவுல பெண்களுக்கான அமைச்சு என்ன செஞ்சுச்சு? 2020 மார்ச் கடைசியில முகநூல்ல பட விளம்பரம் போட்டாங்க. மனைவிமார்கள் நச்சரிக்காதீங்க, டோராயெமோன் மாதிரி கொஞ்சிப் பேசுங்க, வீட்டுல இருந்தாலும் அலங்காரமா இருங்கன்னு. எதிர்ப்பு கிளம்பினதும் மன்னிப்புக் கேட்டு எடுத்துட்டாங்க. வெளிநாட்டுப் பத்திரிகை வரைக்கும் போய் மானம் போச்சு. அதே நேரத்துல உதவி கேட்டு வர்ற அழைப்பு கூடிப்போச்சுன்னு பெண்கள் அமைப்புகள் சொல்லிக்கிட்டிருந்தாங்க. வீட்டுக்குள்ள நடக்கிற அடிதடியை நிறுத்துங்கன்னு ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டேரஸ் ஏப்ரல் முதல் வாரத்துல உலகத்துக்கே வேண்டுகோள் விட்டார். உலகம் முழுக்க அந்த நிலைமை இருந்தப்போ, நம்ம வீடுங்க மட்டும் பொற்காலத்துல மிதந்துச்சா?

அடிக்கிற புருஷன் கிட்டேர்ந்து சாதாரண நாள்ல தப்பிக்க நாலு வழி இருக்கும். அவன் வேலைக்குப் போயிருக்கிற நேரம், அம்மா வீடு, பக்கத்து வீட்டு அக்கா, வெள்ளிக்கிழமை கோயில். பிகேபியில நாலும் அடைச்சாச்சு. கோயில் கதவும் பூட்டிக் கிடந்துச்சு. கோயில்னா சாமி கும்பிட மட்டும்னு நினைக்காதீங்க. நம்ம பெண்களுக்கு மனசுல இருக்கிறதைப் பேச இருக்கிற ஒரே இடம் பல பேருக்கு அந்த மண்டபத் திண்ணைதான்.

பிள்ளைங்க படிப்புக்கு வருவோம். இல்லிருப்புக் கற்றல்னு பேரு நல்லாத்தான் இருந்துச்சு. மூணு பிள்ளைக்கு ஒரே ஒரு கைப்பேசி. அதுவும் அப்பா கைப்பேசி, அவர் ஷிஃப்ட் முடிஞ்சு வந்த பிறகுதான் கிடைக்கும். செம்பனைக்குள்ள லைன் ஒரு கோடு ரெண்டு கோடு. வாத்தியார் காலைல அனுப்பின பாடத்தை அம்மா ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளையைத் தூங்க விடாம உட்கார வச்சு எழுத வச்சாங்க. அந்த அம்மாவே ஆறாம் வகுப்போட நின்னவங்களா இருக்கலாம். 2020-ல ஒண்ணாம் வகுப்பு போன பிள்ளை பள்ளிக்கூடத்துல உட்கார்ந்த நாளை எண்ணிப் பாருங்க. ஜூலையில திறந்தாங்க, நவம்பர்ல மூடினாங்க, அடுத்த வருசமும் திறக்கிறதும் மூடுறதுமா போச்சு. அந்தப் பிள்ளைங்க வாசிக்கத் திணறினா "தாய் கவனிக்கல"ன்னு பேசுறோம். தகப்பன் எங்க போனான்னு ஒருத்தரும் கேட்கிறதில்ல.

இன்னொண்ணு, "மக்கள் ஒழுங்கா வீட்டுல இருந்திருந்தா கோவிட் பரவி இருக்காது"ன்னு மலருக்கு எழுதின பக்கத்துல ஒரு வரி இருக்கு. இது என் தொழில், எனக்குத் தெரியும். வீடு அடைஞ்சு கிடந்தப்போ ஃபேக்டரி எல்லாம் அடைஞ்சு கிடக்கல. கடிதம் வாங்கி ஓடின ஃபேக்டரிங்க எத்தனை! செம்பனை வேலையும் நிக்கல. 2020 நவம்பர்ல மேரு பக்கம் கையுறைத் தொழிலாளர் விடுதிகள்ல கிளம்பின தெராத்தாய் கிளஸ்டர்ல மட்டும் ஆயிரக்கணக்கான பேருக்கு வந்துச்சு. ஒரே அறையில அத்தனை பேரைப் படுக்க வச்சா வேற என்ன நடக்கும்? ஃபேக்டரி பஸ்ஸுல வந்த நோயை வீட்டுல பார்த்தது யாரு? ரெண்டு ரூம் வீட்டுல ஒரு ரூமை நோயாளிக்கு விட்டுட்டு, மத்த அஞ்சு பேரும் ஹால்ல. கதவுகிட்ட தட்டை வச்சிட்டு நகர்ந்து நின்ன அம்மாவுக்கே தொற்று வந்தப்போ என்ன ஆச்சு? கையில பட்டையைக் கட்டிக்கிட்டு அவங்களே எழுந்து கஞ்சி வச்சாங்க. தனி ரூம், ஏர்கோன், வைஃபை இருக்கிற வீட்டுக்கு "வீட்டில் இரு"ங்கிறது ஓய்வு. நம்ம வீட்டுக்கு அது வேலை.

இப்போ பொன்னாடை விசயம். 2021 ஜூலைல சிலாங்கூர்ல பெரும்பாலான இடத்துல இறுக்கமான கட்டுப்பாடு போட்டப்போ, பட்டினியில இருக்கிறவங்க வீட்டு வாசல்ல வெள்ளைக் கொடி கட்டினாங்க. நாங்க அஞ்சு பேரும் காடியில போய்ப் பொட்டலம் கொடுத்தது உண்மை. படமும் எடுத்தாங்க, முகநூல்ல போட்டாங்க. அந்தப் பொட்டலத்துச் சோத்தை யாரு வடிச்சா? நம்ம கோயில்ல வருசம் முழுக்க அன்னதானத்துக்குச் சமைக்கிற அதே அக்காமார்கள், அவங்கவங்க வீட்டு அடுப்புல, வீட்டு வேலை முடிச்ச பிறகு. படத்துல ஒருத்தரும் இல்ல. இவங்கள்ல பாதிப் பேருக்கு அந்த வருசம் வருமானமே இல்ல. பள்ளிக் கேண்டீன் மூடிடுச்சு, கல்யாணச் சமையல் நின்னுடுச்சு. மாலை கட்டிப் பிழைச்சவங்களுக்குக் கோயிலும் இல்ல, கிள்ளான் லிட்டில் இந்தியா பூக்கடையும் இல்ல. சேமநிதியிலேர்ந்து மாசம் 500 ரிங்கிட் எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. சேமநிதியே இல்லாதவங்க எதை எடுக்கிறது? வருமானம் இல்லாதவங்க சமைச்ச சோத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவனுக்குப் பொன்னாடையாம். அம்மனுக்கே இது அடுக்காது.

அம்மன்னு சொன்னதும் இன்னொரு விசயம். நம்ம கோயில்ல இருக்கிறது மாரியம்மன். கமிட்டியில உட்கார்ந்திருக்கிறது முழுக்க ஆம்பளைங்க. கோலம், பூ, சமையல், பாத்திரம் எல்லாத்துக்கும் பெண்கள் வேணும். தீர்மானத்துக்குக் கை தூக்க மட்டும் வேணாம். இது எந்தச் சாத்திரத்துல இருக்குன்னு தெரிஞ்சவங்க கமெண்ட்ல எழுதுங்க, படிச்சுக்கிறேன்.

"பழைய கதையைக் கிளறி என்ன ஆகப் போகுது அண்ணே"ன்னு கேட்பீங்க. பழைய கதை இல்ல. 2021 டிசம்பர்ல ஸ்ரீ மூடா பக்கம் வெள்ளம் வந்தப்போ மறுபடியும் இதேதான் நடந்துச்சு. நாளைக்கு வேற ஒண்ணு வரும். அப்பவும் வீட்டைத் தாங்கப் போறது இவங்கதான். அதனால பொற்காலப் பக்கத்தை எடுத்துட்டு, நான் கேட்கிற மூணு விசயத்தை ஆண்டுக் கூட்டத்துல வைங்க.

ஒண்ணு. பொன்னாடைக்கும் மேடைக்கும் ஒதுக்குற காசுல நம்ம சமையல் அக்காமார்களை, பூ கட்டுறவங்களை, வீட்டோட இருக்கிற தாய்மார்களை சொக்சோவோட குடும்ப மாதர் பாதுகாப்புத் திட்டத்துல பதிஞ்சு விடுங்க. 2022 டிசம்பர்லேர்ந்து நடக்குது. வருசத்துக்கு 120 ரிங்கிட்தான். 55 வயசுக்குக் கீழே இருக்கணும். வீட்டு வேலையில விழுந்து அடிபட்டா அதுவும் வேலை விபத்துதான்னு சட்டமே ஒத்துக்கிச்சு, நாம இன்னும் ஒத்துக்கல. 20 பேருக்கு 2,400 ரிங்கிட். மேடை அலங்காரச் செலவை எடுத்துப் பாருங்க, அப்புறம் காசு இல்லைன்னு சொல்லுங்க.

ரெண்டு. கமிட்டியில ரெண்டு பெண்கள், ஓட்டு உரிமையோட. அடுத்த ஆபத்துல உதவிப் பட்டியல் எழுதினா, வீட்டுத் தலைவர் பேருக்குப் பக்கத்துல வீட்டு அம்மா பேரும் போன் நம்பரும் இருக்கணும். பொருளை அவங்க கையில கொடுக்கணும்.

மூணு. சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்துல வாசிப்பு வகுப்பு. பிகேபியில பின்தங்கின பிள்ளைங்க இப்போ இடைநிலைப் பள்ளி வயசு. சொல்லிக் கொடுக்க ஆள் பார்த்தாச்சு, நாற்காலியும் இருக்கு. அண்ணன்மார்கள் செய்ய வேண்டியது பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்து விடுறது. அதையும் "அம்மாவே கொண்டாந்து விடட்டும்"னு சொல்லிடாதீங்க.

மூணும் முடியாதுன்னா, பொற்காலம்னு ஒரு பக்கம் போடுங்க, வேணாங்கல. ஆனா அந்தப் பக்கத்தை எழுதுறதுக்கு முன்னாடி உங்க வீட்டு அடுப்படிக்குப் போய், அங்க நிக்கிறவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே அச்சடிங்க. நானே ப்ரூஃப் பார்த்துத் தரேன்.

சரின்னு பட்டா பகிருங்க. தப்புன்னு பட்டா பேரோட வந்து பேசுங்க, பதில் சொல்றேன்.

ஓம் சக்தி.